பல் கிளிப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி இம்ப்ளாண்ட் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க

எனக்கு மேல் வரிசைல முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒண்ணு பிறவியிலேயே கிடையாது. பால் பல் விழுந்துச்சு, அதுக்கப்புறம் வரவே இல்ல, எக்ஸ்ரே எடுத்தா உள்ள முளையே இல்லன்னுட்டாங்க. காலேஜ் படிக்கறப்ப கிளிப் போட்டு, நகர்ந்து வந்திருந்த கோரைப்பல்லைப் பின்னாடி தள்ளி, இம்ப்ளாண்ட் (தாடை எலும்புல திருகி, மேல பல் மாட்டற செயற்கை வேர்) போட இடம் உண்டாக்கினாங்க. அது நல்லாத்தான் போச்சு.

வில்லங்கம் கிளிப்பைக் கழட்டின அப்புறம்தான். எங்க ஊர் கிளினிக்ல கிளிப் டாக்டர் ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போறவர். "சூப்பரா வந்திருச்சும்மா, இனி இம்ப்ளாண்ட் போட்டுக்கலாம்"னு கழட்டி ரிடெய்னரை (பல் திரும்ப நகராம இருக்க மாட்டிக்கறது) கையில குடுத்து அனுப்பிட்டார். அதை எடுத்துக்கிட்டு திருச்சில ஒரு இம்ப்ளாண்ட் டாக்டரம்மாவப் போய்ப் பாத்தேன். அவங்க சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்துல காட்டற எக்ஸ்ரே) எடுத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. வெளிய பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆறரை மில்லிமீட்டர் இடம் இருக்கு, உள்ள வேர் நுனில பாத்தா 4 கூட இல்ல. பல்லோட தலை மட்டும் விலகி, வேர் ரெண்டும் உள்பக்கமா சாஞ்சு நிக்குது. இந்த மாதிரி இடத்துக்குப் போடற ஒல்லியான இம்ப்ளாண்டே 3 மில்லிமீட்டர் சுமாருக்கு வரும், அதுக்கு ரெண்டு பக்கமும் வேர்கிட்டருந்து ஒன்றரை ஒன்றரை விடணும், அப்ப குறைஞ்சது 6 வேணும்ல. "திரும்பக் கிளிப் போட்டு வேரை நேர் பண்ணிட்டு வாம்மா"ன்னாங்க. எனக்கு அங்கயே கண்ணுல தண்ணி வந்திருச்சு.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா இது தெரிஞ்சிருக்கும், இதான் இன்னும் ஆறல.

ஊர் கிளினிக்குக்குப் போனா ரிசப்ஷன்ல அக்கா, "உங்க ஃபைல் க்ளோஸ் ஆயிருச்சும்மா, இனி புது கேஸ்தான், புது ஃபீஸ்தான்"கறாங்க. டாக்டர் நம்பர் கேட்டா தர மாட்டாங்களாம், ஞாயித்துக்கிழமை வாங்கன்னாங்க. ஞாயித்துக்கிழமை போனா அவர் அன்னைக்கு லீவு, போன் பண்ணிச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. அங்க இருந்த ஜூனியர் டாக்டர் கூலா, "எதுக்கு இவ்ளோ டென்ஷன், பக்கத்து ரெண்டு பல்லையும் ராவிட்டு பிரிட்ஜ் போட்டுட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்"கறார். பிரிட்ஜ்னா ரெண்டு பக்கத்துப் பல்லு மேலயும் உறை மாட்டி, நடுவுல போலிப் பல்லைத் தாங்க வைக்கறது. ஒரு பல் இல்லங்கறதுக்காக நல்லா இருக்கற ரெண்டு பல்ல ராவணுமா? ராவிட்டா அது திரும்ப வளரவா போகுது? பல்லை அதிகம் ராவாம பின்பக்கம் ரெக்கை மாதிரி ஒட்டற மேரிலாண்ட் பிரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு, வேர் சாஞ்சிருந்தாலும் அதைப் போடலாம், அதைப் பத்தி அவர் வாயே திறக்கல. சில சமயம் கழண்டு வரும், ஆனா வயசு பத்தாதவங்களுக்கும் இம்ப்ளாண்ட் வேணாம்கறவங்களுக்கும் நல்ல வழிதான், கேட்டுப் பாருங்க.

என்னக் காப்பாத்துனது ஒரு லெட்டர். திருச்சி டாக்டரம்மாகிட்ட நிலைமையச் சொன்னதும் லெட்டர்ஹெட்ல "வேர்கள் இணையாக இல்லை, இம்ப்ளாண்டுக்கு இடம் போதாது"ன்னு அளவோட எழுதி, ஸ்கேன் பிரிண்டையும் சேர்த்துக் குடுத்தாங்க. அதைக் கொண்டுபோய் ஞாயித்துக்கிழமை டாக்டர் டேபிள்ல வச்சேன், நான் ஒரு வார்த்தை பேசல. படிச்சுட்டு, "ஃபீஸ் வேணாம், மேல் வரிசைக்கு மட்டும் திரும்பக் கிளிப் போட்டுக்கலாம்"னுட்டார். ரிசப்ஷன் அக்கா முகத்தைப் பாக்கணுமே! இந்தத் தடவை கழட்டறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்து திருச்சிக்கு அனுப்பி, அவங்க ஓகே சொன்ன அப்புறம்தான் வாயத் திறந்தேன்.

இம்ப்ளாண்ட் வைக்கற சர்ஜரி ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஊசி குத்தினது மட்டும்தான் வலி. பல்லே வளராத இடங்கறதால எலும்பு ஒல்லியா இருந்துச்சு, எலும்பைக் கூட்ட கொஞ்சம் கிராஃப்ட் வச்சாங்க, அதனால செலவு கூடுச்சு, முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க. இம்ப்ளாண்ட் எலும்போட சேர்ற வரைக்கும் சில மாசம் போலிப் பல் வச்ச ரிடெய்னர்தான் துணை. சாப்பிடும்போது கழட்டணும், கல்யாண வீட்டுப் பந்தில இதைவிடக் கொடுமை கிடையாது. கழட்டி டிஷ்யூல சுத்தி வைக்காதீங்க, இலையோட சேர்ந்து போயிரும். அந்தப் போலிப் பல் ஈறுல அழுத்துதான்னும் பாக்கச் சொல்லுங்க, தையல் மேல அழுத்தக் கூடாது.

கடைசில கேப் (இம்ப்ளாண்ட் மேல மாட்டற பல்) கலர்லயும் ஒரு கூத்து. கலர் பாக்கறதை எல்லா வேலையும் முடிஞ்ச அப்புறம், வாயைத் திறந்து வச்சுக் காஞ்சு போன பல்லை வச்சுப் பாத்தாங்க. பல் காஞ்சா வெளுப்பாத் தெரியும். வந்த கேப் டியூப்லைட் மாதிரி இருந்துச்சு, ஒட்ட விடல, லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். நீங்க உக்காந்ததுமே, ஜன்னல் வெளிச்சத்துல கலர் பாக்கச் சொல்லுங்க. பல்லை வெளுப்பாக்கற ஐடியா இருந்தா அதையும் முன்னாடியே முடிச்சிருங்க, கேப்போட செராமிக் அப்புறம் வெளுக்காது.

இன்னொண்ணு, இம்ப்ளாண்ட் கார்டு. கம்பெனி பேர், சைஸ், லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்க. நாளைக்கு வேற ஊர்ல ஸ்குரூ லூஸ் ஆச்சுன்னா அந்த டாக்டருக்கு இது வேணும். திருச்சிலயும் "அடுத்த தடவை வாங்கிக்கங்களேன்"னாங்க, நான் ஒரு மணி நேரம் உக்காந்து வாங்கிட்டுத்தான் கிளம்பினேன், போட்டோ எடுத்து அம்மா வாட்ஸ்அப்புக்கும் அனுப்பியாச்சு.