சியெனா நகர மன்றம்: கட்டடக்கலை வரலாற்றுத் தாளில் 15 மதிப்பெண் விடை

ஐரோப்பாவின் இடைக்கால நகர மன்றங்களைப் பற்றிக் கேள்வி வந்தால், ஐந்தாறு கட்டடங்களை மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒன்றை ஆழமாக எழுதுவது மேல். அதற்கு இத்தாலியின் சியெனாவில் உள்ள பலாட்சோ புப்ளிக்கோ பொருத்தமானது. ஆட்சிமுறை, கட்டுமானம், சுவரோவியம், நகரத் திட்டமிடல் என எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் அதை வைத்து எழுதலாம்.

மதிப்பெண் அதிகம் போவது ஆண்டுகளில். கட்டடம் முழுவதும் ஒரே காலத்தில் எழுந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். 1297 அளவில் வேலை தொடங்கி 1310-இல் முதன்மைப் பகுதி முடிந்தது. கட்டடத்தோடு இணைந்த மாஞ்சா கோபுரம் 1348-இல் முடிந்தது. கோபுர வேலையின் தொடக்கத்தை சில நூல்கள் 1325 என்றும் சில 1338 என்றும் சொல்லும், உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். உயரத்திலும் இதே சிக்கல்: கோபுரம் மட்டும் ஏறத்தாழ 87 மீட்டர், இடிதாங்கியையும் சேர்த்தால் 102. கோபுரத்தடியில் உள்ள சிற்றாலயம் 1348-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் நேர்த்திக்கடனாக 1352-இல் தொடங்கப்பட்டது. இருபக்கச் சிறகுகளின் மேல்மாடியோ 1680-இல் ஏற்றியது! பழைய சாளரங்களைப் பார்த்தே புதியவற்றையும் செய்ததால் படத்தில் வேறுபாடு தெரியாது.

எனவே முகப்புப் படத்தை 6 நிமிடத்தில் இந்த வரிசையில் வரையுங்கள். முதலில் நடுப்பகுதி: நான்கு தளம், உச்சியில் பல்வரிசைக் கைப்பிடிச்சுவர். பிறகு இருபுறமும் இரண்டு தளச் சிறகுகள்; அவற்றின் மேல் 1680-ஆம் ஆண்டுத் தளத்தைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். கோபுரம் நடுவில் அல்ல, முன்னுள்ள சதுக்கத்திலிருந்து பார்ப்பவரின் இடது முனையில். அதன் தண்டு செங்கல், தலை வெள்ளைக் கல். முகப்பிலும் கீழ்த்தளம் கல், மேலே செங்கல். இதை எழுதாமல் விட்டால் கட்டுமானப் பகுதிக்கு மதிப்பெண் குறையும். எல்லாச் சாளரங்களையும் வரைய நேரமிருக்காது. மெல்லிய இரு தூண்களால் மூன்றாகப் பிரிந்த ஒரு சாளரத்தை மட்டும் பக்கத்தில் பெரிதாக வரைந்து, அதைச் சூழும் கூர்முனை வளைவையும் நடுவே நகரின் கறுப்பு வெள்ளைக் கேடயத்தையும் குறியுங்கள்.

படத்தோடு காரணத்தையும் இணைத்தால்தான் விடை நிற்கும். 1287 முதல் 1355 வரை ஆண்டது ஒன்பதின்மர் குழு. உறுப்பினர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். கோட்டைக்குள் பதுங்காமல், நகரமே கூடும் காம்போ சதுக்கத்தைப் பார்த்தபடி இவர்கள் ஆட்சிமனையைக் கட்டினார்கள். சதுக்கத்தின் தரை ஒன்பது பிரிவுகளாகச் சரிந்து கட்டடத்தின் முன் வந்து முடிகிறது. மழைநீரும் அங்கேதான் வடியும். முகப்பும் சதுக்கத்தின் வளைவுக்கு இசைந்து சற்றே உள்வாங்கியிருக்கிறது. சதுக்கத்தைப் பார்த்த வீடுகளின் சாளரங்களும் தூண் வைத்தவையாக இருக்க வேண்டும் என்று 1297-இல் விதித்தார்கள். திட்டமிடல் கேள்விக்கு இந்த விதியை அவசியம் எழுதுங்கள்.

ஒன்பதின்மர் அறையில் அம்ப்ரோஜோ லொரென்செட்டி 1338–39-இல் தீட்டிய நல்லாட்சி, தீய ஆட்சி ஓவியங்களில் சுவர்களைக் குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு. ஜன்னல் தெற்கில். அதற்கு எதிரே வடக்குச் சுவரில் நல்லாட்சியின் உருவகம். கிழக்கில் அதன் விளைவாக நகரமும் நாட்டுப்புறமும். மேற்கில் தீய ஆட்சி, இது மிகவும் சிதைந்துள்ளது. சிறு தரைப்படம் போட்டு நான்கு பக்கமும் பெயரெழுதினால் அரைப் பக்க விளக்கம் மிச்சம்.

பக்கத்து மன்றக்கூடத்தில் சிமோனே மார்த்தினியின் ‘மயெஸ்தா’ (அரியணையில் அமர்ந்த மரியாளின் ஓவியம்) 1315-இல் தீட்டியது, 1321-இல் அவரே திருத்தியது, உறுதியாக எழுதலாம். அதற்கு எதிர்ச்சுவரில் குதிரைமேல் செல்லும் கிதோரிச்சோ தளபதியின் ஓவியமும் அவருடையது என்பதில் அறிஞர்களிடையே கடும் சர்ச்சை உண்டு. அங்கே ‘மரபாக அவர் பெயரில் சொல்லப்படுவது’ என்று எழுதுங்கள்.