காரணம் தெரியாமல் சுகர் இறங்குகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள்

"சுகர் ஏறிக்கிடக்குன்னுதானே மாத்திரை குடுத்தாங்க. இப்ப என்னடான்னா இறங்கிப் போவுது, ஏன்னு யாருக்கும் தெரியல." நீரிழிவு என்று தெரிந்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் மன்னார்குடியிலும் மாயவரத்திலும் ஒரே மாதிரி சொல்லும் வார்த்தை இது. கை நடுக்கம், குப்பென்று வேர்வை, படபடப்பு, கண் மங்கல், அகோரப் பசி, காரணமில்லாத கோபம். இவை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். காலை பதினோரு மணிக்கு வரப்பில் வருவதும், முழுச் சாப்பாடு சாப்பிட்டு நாலு மணிக்கு வருவதும், விடிகாலை மூன்று மணிக்குத் தலையணை நனைவதும் மூன்று வேறு விஷயங்கள்.

காரணம் தேடுவதற்கு முன் உயிரைப் பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் முதலில் அளந்துவிடுங்கள், அரை நிமிடம்தான். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தாழ்நிலை, 54க்குக் கீழே போனால் ஆபத்து. மீட்டர் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது தலைதட்டி மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். இளநீர் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, ஆனால் ஒரு காயில் இருக்கும் சர்க்கரை இதற்குப் போதாது. கடலை மிட்டாய், பிஸ்கட், சாக்லேட் எல்லாவற்றிலும் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருக்கிறதா பாருங்கள். நம் பக்கம் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் வோக்ளிபோஸ் அடிக்கடி வரும். அது குடலில் சீனியை உடைக்க விடாது. ஆகவே சீனி, வெல்லம், கற்கண்டு எதைத் தின்றாலும் சர்க்கரை சீக்கிரம் ஏறாது. அப்படிப்பட்டவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் மருந்து, அவசரத்துக்குச் சுத்தமான தேன். "சீனி போட்டும் ஏறலியே" என்று வீடே கலங்குவதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

அடுத்தது, அந்த எண் உண்மையா என்பது. வெறும் வயிற்றில் 62 என்று ஆய்வக அறிக்கை வருகிறது, ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் ரத்தம் எங்கே எடுத்தார்கள், எத்தனை மணிக்குப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். கிராமத்தில் ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், 90 என்று இருந்தது 70 ஆகிவிடும். சாம்பல் நிற மூடிக் குழாயில் இதைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கும். அதிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

வீட்டு மீட்டரும் சத்தியம் பேசுவதில்லை. 100க்குக் கீழே இருக்கும்போது 15 மில்லிகிராம் மேலோ கீழோ காட்டுவதைத் தரவிதிகளே அனுமதிக்கின்றன. 66 என்று காட்டினால் உள்ளே 81 இருக்கலாம், 51ம் இருக்கலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். ஈரக்கையில் குத்தினால் துளி நீர்த்துக் குறைவாகக் காட்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் அதிகமாகக் காட்டி, உண்மையான தாழ்நிலையை மறைத்துவிடும். ரத்தசோகை இருந்தாலும் அளவு கூடுதலாகத்தான் தெரியும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு குத்துங்கள்.

மீட்டர் 110 காட்டுகிறது, ஆனால் கை நடுங்குகிறது. புதிதாக மருந்து தொடங்கியவர்களிடம் இதுதான் மிக அதிகம். மாதக்கணக்கில் 300லேயே இருந்த உடம்புக்கு 110 என்பதே பஞ்சம் போலத் தெரிகிறது. ஆபத்து இல்லை, ஆனால் அவஸ்தை உண்மை. அதற்கு இனிப்பு தின்னாதீர்கள். தண்ணீர் குடித்து உட்கார்ந்து 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள், இறங்காமல் நின்றால் விட்டுவிடலாம். சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். வெறும் வயிற்றில் குடித்த டிகிரி காபியும் இதே படபடப்பைக் கொடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி காலை பதினோரு மணி. கிளைமிபிரைடு, கிளிக்கிளசைடு, பழைய மருந்தான கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடுபவை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவை கேட்பதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்குச் சுகர் இறங்குவது அபூர்வம். நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிறவர்கள் ஐந்தரை மணிக்கு ஒரு வரக்காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வயலில் இறங்குகிறார்கள். சேற்றில் நாலு மணி நேரம் குனிந்து வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் இறங்காமல் என்ன செய்யும்? தசை தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ள 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், பகல் நடவுக்கு அன்று ராத்திரியும் இறங்கலாம். குறுவை நடவு தொடங்கும் ஆனி மாதத்தில் புதிதாகப் பிரச்சினை வந்தால் மருந்து மாறவில்லை, வேலை மாறியிருக்கிறது. மாத்திரை முதல் சாப்பாட்டோடு போகட்டும், பழைய சோறானாலும் சரி. வேலை உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் ஒரே அளவா என்று டாக்டரிடம் கேளுங்கள். குளுக்கோஸைத் தாளில் மடித்தால் நனைந்துவிடும், சின்ன பிளாஸ்டிக் உறையில் முடிந்து முந்தானையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

விரதமும் இதே கணக்குதான். சுவாமிமலையில் சஷ்டி, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் ரமலான். கணையத்தைப் பிழியும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்பே அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். 70க்குக் கீழே போனால் விரதத்தை முடித்துவிட வேண்டும்.

நாலு மணிக்கு வருவது வேறு கதை. அதில் மருந்தே இல்லாமலும் இறங்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் டைப் 2 நீரிழிவின் தொடக்கத்தில், சாப்பிட்ட உடனே வர வேண்டிய இன்சுலின் தாமதமாக வருகிறது. அதற்குள் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு கரைந்து சர்க்கரை மேலே ஏறிவிடும். பிறகு இன்சுலின் மொத்தமாக வந்து சேரும்போது உள்ளே கரைய ஒன்றும் மிச்சமில்லை. சாப்பிட்டு இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் இறங்குவது இப்படித்தான். இதற்கு இனிப்பை வைத்தியமாக்கினால் ஊஞ்சல் நிற்காது. 70க்குக் கீழே போனால் மட்டும் குளுக்கோஸ். மற்றபடி சோற்றைப் பாதியாக்கி, முதலில் பொரியலும் பருப்பும் மீனோ முட்டையோ சாப்பிட்டு, கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். மூன்றரை மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

ராத்திரி இறக்கம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இன்சுலின் ஊசியை. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. மருந்துக் கடையில் வாங்கும்போதே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்துவிடுங்கள். பால் போன்ற கலவை இன்சுலினை உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு வயிற்றில் ஏற்பட்ட கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறினால், அதே அளவு மருந்து முழுதாக உறிஞ்சப்பட்டு இறக்கிவிடும். ஆகவே இடம் மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஏழரைக்கு ஊசி போட்டுவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிடுவதும் கூடாது. சாராய வாடையோடு வேர்த்துக் கிடக்கிறவரைப் போதை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கல்லீரல் மதுவைக் கவனிக்கும்போது சர்க்கரை தயாரிக்காது. மறுநாள் காலை வரை அந்த ஆபத்து உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால் சிறுநீரகத்தைப் பாருங்கள். மருந்தும் இன்சுலினும் வெளியேறும் முக்கிய வழிகளில் அது ஒன்று. ஒல்லியான முதியவர்களுக்குக் கிரியாட்டினின் நார்மல் என்று வந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கிடச் சொல்லுங்கள். வீட்டுக்கே வரும் அரசு மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையும் வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் அட்டை வந்திருக்கலாம். கிருமிக்கான லிவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், மூட்டுவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், வலிக்கான டிரமடால் ஆகியவையும் இறக்கும். படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனலால் போடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாது, வேர்வை மட்டும் தெரியும். மூலிகைப் பொடி என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. மூட்டுவலிக்கு நெடுநாள் ஸ்டீராய்டு தின்று திடீரென நிறுத்தியவருக்கு அட்ரீனல் சுரப்பி சோர்ந்தும் இறங்கும். இன்னொன்று, கால் எரிச்சலுக்கு எழுதப்படும் "நரம்பு மாத்திரை"யில் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு அது இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடிகளை (உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களை) தூண்டி, கடுமையான இறக்கத்தைக் கொண்டுவரும். 1970ல் ஜப்பானில் ஹிராட்டா முதன்முதலில் விவரித்த நோய் அது.

சர்க்கரையை இறக்கும் மருந்து எதுவுமே இல்லாமல் 55க்குக் கீழே போகிறதென்றால் சும்மா இருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ், இன்சுலின், கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளிவிடும் சி-பெப்டைடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறிய பிறகு எடுத்தால் பயனில்லை. சர்க்கரை இறங்கியிருக்கும்போதும் ஒரு மில்லியில் இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டுக்கும் சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்கும் குறையாமல் இருந்தால் உடம்புக்குள் எங்கோ இன்சுலின் கட்டுப்பாடில்லாமல் சுரக்கிறது என்று பொருள், அல்லது கணையத்தைப் பிழியும் மாத்திரை தெரியாமல் உள்ளே போயிருக்கிறது. கணையக் கட்டியா என்று பார்க்க மருத்துவமனையில் படுக்கவைத்து 72 மணி நேரம் வரை பட்டினிச் சோதனை செய்வார்கள். இதை நாளமில்லாச் சுரப்பி நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் பட்டினி கிடந்து பார்க்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது "அடிக்கடி இறங்குது" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. நேரம், மீட்டர் காட்டிய எண், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எவ்வளவு, மாத்திரை அல்லது ஊசி எத்தனை மணிக்கு, முந்தின 24 மணி நேரத்தில் செய்த வேலை, குளுக்கோஸ் எடுத்து எத்தனை நிமிடத்தில் சரியானது. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். தின்னும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி சந்தேகம் இருந்தால் மூன்று நாள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு அளந்து பாருங்கள்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து பேசுவார், "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போவலாம்" என்பார். கிளைமிபிரைடோ கிளிபென்கிளமைடோ தின்றவரென்றால் விடாதீர்கள். மருந்தின் வேகம் இன்னும் ஒரு நாள், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மூன்று நாள் வரைகூட உள்ளே இருக்கும், பாட்டில் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்கட்டும். அடுத்த மாத்திரையைப் போடலாமா என்று டாக்டர் சொல்லும்வரை அட்டையை வீட்டில் இருக்கும் வேறொருவர் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும்.