தையல் மிஷினும் தசரா செட்டும்

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஐப்பசி முகூர்த்தத்துக்கு வந்த பிளவுஸ் துணிகளையெல்லாம் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். கீழே முழுக்க சாட்டின். காளிக்குக் கருப்பும் சிவப்பும், ராஜாவுக்கு ஊதா, குறத்திக்குப் பச்சையும் மஞ்சளும், ஓரத்தில் வைத்துத் தைக்க ஜிகினா பார்டர் ஒரு மூட்டை. உடன்குடிப் பக்கம் புரட்டாசி பிறந்தால் எந்தத் தையல் கடைக்குப் போனாலும் இதே கதிதான். நாளை மறுநாள் குலசையில் கொடியேற்றம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குலசை என்பது குலசேகரன்பட்டினம், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம். அங்கே முத்தாரம்மன் கோயில் தசரா, பத்து நாள். நேர்ந்துகொண்டவர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டு, வீடு வீடாக அம்மன் பேருக்குத் தர்மம் எடுப்பார்கள். பத்தாம் நாள் சூரசம்ஹாரத்தன்று சேர்ந்த காசு முழுவதும் கோயில் உண்டியலுக்குப் போகும். மைசூருக்கு அடுத்த பெரிய தசரா இங்கேதான் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. மைசூரில் 750 கிலோ அம்பாரியை யானை சுமந்து வரும், சனம் ஓரத்தில் நின்று பார்க்கும். இங்கே வேடிக்கை பார்க்க வந்தவன் அடுத்த வருசம் வேடம் கட்டி நிற்பான்.

லோடு ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் சாயங்காலம் அளவு கொடுக்க வந்தார். ராணி வேடம். மார்பு 44 அங்குலம். "கை கொஞ்சம் பஃப் வச்சு தச்சிரும்மா" என்றார். மீசையை எடுப்பதாக இல்லை.

"மீசையோட ராணியாண்ணே?"

"வேசத்துக்குத்தான் நேர்ந்திருக்கேன், மீசைக்கு நேரல."

செப்டம்பர் 23, செவ்வாய் (புரட்டாசி 7)

காலையில் கொடி ஏறிவிட்டது. கொடி ஏறினால்தான் காப்பு, காப்பு கட்டினால்தான் வேடம். எங்கள் ஊர் செட்டுக்கு, அதாவது சேர்ந்து வேடம் போடுகிற தசராக் குழுவுக்கு, மொத்தமாகக் காப்புக் கயிறு வாங்க மூன்று பேர் பைக்கில் போய் மத்தியானம் திரும்பினார்கள். ராத்திரி அம்மன் சிம்ம வாகனத்தில் துர்க்கை கோலத்தில் வீதியுலா. நான் போகவில்லை, மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை.

என் அண்ணன் மகன் இந்த வருசம் காளி. ஆடிக் கடைசியிலேயே மாலை போட்டவன். காளி வேடத்துக்கு 48 நாள் விரதம் இருப்பதுதான் எங்கள் பக்க வழக்கம். ராஜா, குறத்தி, போலீஸ் என்றால் 21 நாள், 11 நாள் என்று அவரவர் நேர்ச்சைப்படி. வீட்டில் படுப்பதில்லை, ஊர்க்கோடியில் ஓலை வேய்ந்த குடிலில்தான். ஒரு நேரச் சாப்பாடு. ஓங்கிப் பேசினாலே ஊர் கேட்கும் பையன், இப்போது குடிலுக்குச் சோறு கொண்டுபோனால் தலையைக் குனிந்துகொண்டு "வாங்கத்தை" என்கிறான். அண்ணிக்கு அது ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம்.

காளிக்குத் தைப்பது சும்மா வேலையில்லை. கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, வீரப்பல், கண்மலர் எல்லாம் உடன்குடிக் கடைகளில் வாங்கிவிடலாம். உடுப்பு நம் பொறுப்பு. சாட்டின் வியர்வையை உறிஞ்சாது, அதனால் உள்ளே காடாத் துணி கொடுத்தாக வேண்டும். பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள், இதுவரை காய்ச்சல்தான் நடக்கிறது, பெய்வதைக் காணோம். முதுகில் ஹூக் கூடாது. காளிக்குப் பின்னால் கட்டுகிற பொய்க் கைகளின் கனத்துக்கு ஹூக் தெறித்துவிடும், அகல நாடாதான் தாங்கும். இடுப்பையும் நாடா போட்டே விடுவேன். விரதம் முடிவதற்குள் இடுப்பு இரண்டு அங்குலமாவது இறங்கும். இன்று எடுத்த அளவு அடுத்த வாரம் உதவாது.

செப்டம்பர் 25, வியாழன்

தெருவில் வேடங்கள் இறங்கிவிட்டன. காலையில் ஒரு குரங்கு வந்து வாசல் முருங்கையில் ஏறிக் காய் பறித்துக்கொண்டு போனது. குரங்கு என்றால் அந்த உரிமை உண்டு. அடுத்து ஒரு வக்கீல். எதிர்வீட்டு மைனி அவரைத் திண்ணையில் உட்காரவைத்து நிலத் தகராறு ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்துத்தான் காசு போட்டாள். வேடம் போட்டவர் கொத்தனார். அவரும் பொறுமையாகக் கேட்டு, "வாய்தா வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேளச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் கையில் காசை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுகிறார்கள்.

மத்தியானம் ஒரு பிச்சைக்காரர். கிழிந்த சட்டை, கையில் தகரத் தட்டு, உடம்பெல்லாம் கரி. இரண்டு வீடு தாண்டியபிறகுதான் எனக்கு ஆள் பிடிபட்டது. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கும் மனிதர். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்ததாம். அவரிடம் வாங்கிய கடனுக்கு மாசாமாசம் வட்டி கட்டுகிற பூக்கட்டும் அக்கா வீட்டு வாசலில் நின்று, "அம்மா தாயே" என்று குரல் கொடுத்தார். அக்கா வெளியே வந்து, முகத்தைப் பார்த்து, ஒரு நிமிசம் நின்றாள். பிறகு உள்ளே போய் பத்து ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்து தட்டில் போட்டாள். அவர் குனிந்து கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள், இவருக்கில்லை, அம்மனுக்கு. தெருவே வேலையை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 27, சனி

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. பொடியன்கள் கையில் ஊர். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ராக்கெட் விஞ்ஞானி வேடம் வேண்டுமாம். குலசையில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே பேச்சு. அவன் அப்பா கடை வாசலிலேயே சத்தம் போட்டார். "அம்மனுக்கும் ராக்கெட்டுக்கும் என்னலே சம்பந்தம்? ஒழுங்கா ஒரு முருகர் வேசம் போடு."

செட்டுப் பெரியவர் ஒருவர் பட்டன் வாங்க வந்திருந்தார். "போலீசு போடலாம், நர்சு போடலாம், இதப் போடக்கூடாதாக்கும்? அம்மைக்கு எல்லா வேசமும் ஒண்ணுதான். தச்சுக் குடு பிள்ளே" என்றார். வெள்ளைக் கோட்டு வெட்டி வைத்துவிட்டேன். அட்டையில் ராக்கெட் செய்வது அவன் பாடு.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று ராத்திரி கரூரிலிருந்து வந்த செய்தியைப் பார்த்தபிறகு தூக்கமில்லை. கூட்டத்தில் நசுங்கி அத்தனை பேர், அதில் குழந்தைகள். காலையிலிருந்து கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். பேச்சு தானாகவே வியாழக்கிழமைக்கு வந்து நின்றது. சம்ஹாரத்துக்குக் கடற்கரையில் லட்சக்கணக்கில் சனம் கூடும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பிள்ளைகளை அன்றைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். முந்தின நாளே போய்க் காணிக்கையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று செட்டிலும் சிலர் சொல்கிறார்கள்.

வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவது, இரும்பில் செய்த சூலம், வாள் கூடாது என்பது, சாதிக் கொடியும் ரிப்பனும் கூடாது என்பது, இதெல்லாம் வருசாவருசம் போலீஸ் சொல்வதுதான். முன்பெல்லாம் முணுமுணுப்பார்கள். இன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மருமகனின் சூலம் மரத்தில் செய்தது, மேலே வெள்ளிக் காகிதம்.

செப்டம்பர் 29, திங்கள்

பக்கத்து ஊர் செட்டு மேடை போட்டிருந்தது. டிவியில் வருகிற நடிகை ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் மொத்தமும் அங்கேதான். நானும் மைனியும் போய் அரைமணி நேரம் நின்றோம். அந்த அம்மா மேடையில் இருந்தது அதிலும் கொஞ்ச நேரம். கையை ஆட்டினார், ஓம் காளி என்றார், செல்பி எடுத்துக்கொண்டார், கார் கிளம்பிவிட்டது.

இந்த ஆசை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ஊர் செட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால் அடுத்த ஊர் அதைவிடப் பெரிதாக வைக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஆபாச ஆட்டம் என்று போய், ஐகோர்ட் மதுரைக் கிளை தலையிட்டுத் தடை போடுகிற அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் வரி வாங்கிய காசில் பெரும்பகுதி இன்றும் ஒரு ராத்திரி மேடைக்கே போகிறது. அதில் பாதியைக் கொடுத்தால் பத்து நாளைக்கும் நையாண்டி மேளமும் கரகமும் வைக்கலாம். போன வருசம் எங்கள் தெருவுக்கு வந்த கரகாட்டக்காரர்கள், அம்பது வயசுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவும் அவர் தம்பியும், தலையில் கரகத்தோடு குனிந்து தரையில் கிடந்த ஊசியைக் கண் இமையால் எடுத்தார்கள். என் கடை ஊசிதான் அது. நடிகை வந்ததை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனாலும் இதைச் செட்டுக் கூட்டத்தில் சொன்னால் "அக்காவுக்கு வயசாகிட்டு" என்பார்கள்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. கோயிலில் இன்று அம்மன் அன்ன வாகனத்தில் கலைமகள் கோலம். நான் மத்தியானமே மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரி, அளவு டேப், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டேன். பொரிகடலை வாங்கி வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் வரிசையாக வருகிறார்கள், ஒருவருக்கு ராஜா அங்கி அக்குளில் கிழிந்துவிட்டது, இன்னொருவருக்கு அனுமார் வால் அறுந்துவிட்டது. பூஜையில் வைத்ததை எடுக்க முடியாது. நல்லவேளையாக டப்பாவில் ஒரு கையூசி மிச்சம் இருந்தது. அனுமாரைத் திண்ணையில் குப்புறப் படுக்கவைத்து வாலைத் தைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி, விடிகாலை

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் குடில் வாசலில் மருமகனுக்கு வேடம் கட்டினோம். கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். கிரீடத்தை ஏற்றும்போது அவன் கால் ஒரு தடவை மடங்கியது, இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். நாடா தாங்கியது. பெற்ற தாயே காலில் விழுந்தாள், அதைப் பார்க்க எனக்கு ஒருமாதிரி இருந்தது, ஆனால் நானும் விழுந்தேன்.

வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கோயிலுக்கு நடை. வழியெல்லாம் காளிகள். டிரம் செட் அடிக்க அடிக்க ஒவ்வொரு காளிக்கும் அருள் வந்து, கூட்டம் விலகி விலகி வழி விட்டது. காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்ததில் ஒரு லாபம், டாஸ்மாக் கிடையாது. வழக்கமாக இருக்கிற தள்ளுமுள்ளு இல்லை என்று எனக்குத் தோன்றியது. உண்டியலில் போடுகிற இடத்தில்தான் நெரிசல். மருமகன் மடியிலிருந்த காசைப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டான், வீரப்பல்லைக் கழற்றாமலே ஸ்ட்ரா வைத்துக் குடித்தான்.

நடுராத்திரி அம்மன் சிம்ம வாகனத்தில் கடற்கரைக்கு, சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் வந்தாள். மகிஷாசூரன் முதலில் தன் முகத்தோடு வந்து சண்டை போட்டான், பிறகு சிங்கமுகம், பிறகு எருமைமுகம், கடைசியில் சேவல். ஒவ்வொரு தலை விழும்போதும் "ஓம் காளி, ஜெய் காளி" என்று கடற்கரை முழுக்க ஒரே சத்தம். நான் நின்ற இடத்திலிருந்து சூலத்தின் நுனி மட்டும்தான் தெரிந்தது, மீதியைப் பக்கத்தில் நின்ற கரடி வேடக்காரர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். டிவியில் பார்த்தால் நன்றாகத் தெரிந்திருக்கும். 2020, 2021 இரண்டு வருசமும் கொரோனாவால் கோயில் வளாகத்துக்குள்ளேயே சனமில்லாமல் சம்ஹாரம் நடந்தது, அப்போது டிவியில்தான் பார்த்தோம். எல்லாமே தெளிவாகத் தெரிந்தது, ஒன்றும் ஒட்டவில்லை.

அக்டோபர் 4, சனி

நேற்று மாலை அம்மன் கோயில் திரும்பி, கொடி இறங்கி, காப்பும் அவிழ்த்தாயிற்று. இன்று பாலாபிஷேகம். மருமகன் பதினொரு இட்லி சாப்பிட்டான் என்று அண்ணி போன் செய்து சொன்னாள், குரல் பழையபடி ஓங்கிவிட்டதாம். ராக்கெட் பையனுக்கு நல்ல வசூல். விஞ்ஞானி என்று சொன்னதும் ரேசன் கடைக்காரர் நூறு ரூபாய் போட்டாராம். அவன் அப்பா இப்போது அதைத் தானே யோசித்ததுபோல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு வரவேண்டிய கூலி பாதி பாக்கி நிற்கிறது. தசரா முடிந்தால் எல்லாருக்கும் கை காலி. 20ஆம் தேதி தீபாவளி, அதற்குள் கொடுத்துவிடுவார்கள்.

பூக்கட்டும் அக்கா சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். வட்டிக்காரர் காலையிலேயே வெள்ளை வேட்டி சட்டையில் வந்துவிட்டாராம், கையில் நோட்டோடு.

"தட்டுல போட்ட பத்து ரூவாய கழிச்சுக்கிடுங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. கழிக்கல."