போர்க்காலச் சுவரொட்டிகளை வரைந்து பார்க்கிறேன்: இதுவரை

உலகப் போர்க்காலச் சுவரொட்டிகளைச் சார்ட் தாளில் கட்டம் போட்டுப் பெரிதாக வரைந்து வருகிறேன். ஒரு தாளை ஒட்டியே அரசாங்கம் ஆட்களைப் போருக்கு எப்படிக் கிளப்பியது என்று கையால் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை. கும்பகோணத்து ஐப்பசி அடைமழையில் போஸ்டர் கலர் லேசில் காய்வதில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான்.

முதலில் கிச்சனர், அப்போதைய பிரிட்டிஷ் போர் அமைச்சர். 1914 செப்டம்பரில் ஒரு லண்டன் வார இதழின் அட்டைக்காக ஆல்பிரெட் லீட் வரைந்தது. மீசை, தொப்பி, நீட்டிய விரல், அவ்வளவுதான். விரலில்தான் வேலை அதிகம். அதன் நீளம் தெரியக் கூடாது. நுனிக்குப் பின்னாலேயே கணுக்கள் வந்து நிற்க வேண்டும். கருவிழி கண்ணின் நட்டநடுவில் இருக்க வேண்டும். முடித்துத் திண்ணைச் சுவரில் ஒட்டினேன். எந்தக் கோடியில் நின்றாலும் விரல் நம்மையே காட்டுகிறது. பால் ஊற்ற வந்த அண்ணன், "யாரு தம்பி இவரு, என்னையே பாக்குறாரு?" என்று நின்றுவிட்டார். 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மான்ட்கோமெரி பிளாக் இதே அமைப்பில், அமெரிக்க அரசை ஒரு மனிதராகக் காட்டும் அங்கிள் சாமை வரைந்தார். போர் முடிவதற்குள் 40 லட்சத்துக்கும் மேல் அச்சிட்டார்கள்.

அடுத்தது என்னை அதிகம் உலுக்கியது. 1915இல் சாவில் லம்லி வரைந்த படம். சாய்வான நாற்காலியில் அப்பா, மடியில் மகள், தரையில் பொம்மைச் சிப்பாய்களோடு பையன். "அப்பா, பெரும் போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மகள் கேட்கிறாள். அப்பாவின் பார்வை பிள்ளைகள் மேல் இல்லை, நம் பக்கம் திரும்பியிருக்கிறது. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அது முடிந்து, ஜெயித்து, வீடு அமைதியாகிவிட்டதாகக் காட்டிவிட்டார்கள். போகாதவனுக்கு மிச்சம் வெட்கம் மட்டும்தான். இங்கிலாந்தில் 1916 வரை கட்டாய ராணுவச் சேவை கிடையாது. ஆட்கள் தாமாக வர வேண்டியிருந்தது. அதற்காகத்தான் குழந்தையின் வாயில் இந்தக் கேள்வியை வைத்தார்கள். அந்த அப்பாவின் கண்ணைத் தீட்டும்போது எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை இதற்கு இழுத்தது அநியாயம்.

இப்போது கையில் இருப்பது நானே யோசித்த படம். 1942இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதிக உணவு விளைவியுங்கள் என்று அரசு இந்தியா முழுக்கப் பிரசாரம் செய்தது. நம் டெல்டா போன்ற நெல் சீமைகளைப் பார்த்துச் சொன்னதுதானே அது! 1943இலேயே வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பிரசாரத் தாளில் அவர்களுக்கு இடம் ஏது? என் படத்தில் உண்டு. இடது பாதியில் நடவு வயல், நாற்று முடிகள் வரை முடிந்தது. வலது பாதிக்காக, வங்காள ஓவியர் ஜைனுல் ஆபெதீன் அந்தப் பஞ்சத்தின்போது மலிவான பொட்டலக் காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்த சித்திரங்களைப் பார்த்துக் கோடு பழகிக்கொண்டிருக்கிறேன்.