பதினாறாம் இடத்திலிருந்து

இன்று மதியம் ஜப்பானிய ஃபிகர் ஸ்கேட்டர் மாவோ அசடாவின் சோச்சி ஆட்டம் கண்ணில் பட்டது. 2014 குளிர்கால ஒலிம்பிக். கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன்.

முந்தைய நாள் ஷார்ட் புரோகிராமில், அதாவது இரண்டு ஆட்டங்களில் முதலாவதான குறுகிய ஆட்டத்தில், விழுந்து 16-ஆம் இடம். பதக்கம் கைவிட்டுப் போயாச்சு. ஆனாலும் மறுநாள் நீல உடையில் வந்து நிற்கிறார்.

முதல் தாவலே ட்ரிப்பிள் ஆக்ஸல்.

ஸ்கேட்டிங்கில் முன்பக்கம் பார்த்தபடி எகிறுகிற ஒரே தாவல் இதுதான். இறங்குவதோ பின்பக்கமாக, ஒற்றைக் காலில். அதனால் மூன்று சுற்று போதாது, மூன்றரை சுற்ற வேண்டும். பெண்களில் அதைத் துணிந்தவர்களே அப்போது வெகு சிலர். முந்தைய நாள் அவரைக் கீழே தள்ளியதும் இதே தாவல்தான்!

இறங்கிவிட்டார். சுத்தமாக.

இசை நின்றதும் முகத்தை மேலே தூக்குகிறார். உதடு துடிக்கிறது, அழுகிறார். அப்புறம் கண்ணீரோடே சிரித்து, அரங்கைப் பார்த்துக் குனிகிறார்.

இந்த ஆட்டத்துக்கு மட்டும் 142.71 புள்ளிகள். இரண்டாம் ஆட்டத்தில் அதுவரை அவர் வாழ்க்கையில் எடுத்ததிலேயே அதிகம். இரண்டு ஆட்டமும் சேர்த்து ஆறாம் இடம்.

2011 டிசம்பரில் அம்மாவை இழந்து, அதே மாதம் தேசியப் போட்டியில் ஆடி ஜெயித்தவர். மூன்று முறை உலக சாம்பியன். ஆனால் ஒலிம்பிக்கில் 2010 வான்கூவர் வெள்ளியோடு சரி. 2017-இல் ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஒரு ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.