‘அப்பா’ என்று கூப்பிட்ட இடம்

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஜெபக் குறிப்புகள் எழுதுவதற்காக வைத்திருப்பது. இடது பக்கம் தேதி, நடுவில் விண்ணப்பம், வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். பதில் கிடைத்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடுவேன். வேலை, தேர்வு, தோழியின் பிரசவம், யாரோ ஒருவரின் கடன் என்று பக்கம் பக்கமாக ஓடும். பல வருடங்களாக ஜெபம் என்றால் எனக்கு இதுதான்: நோட்டைத் திறந்து மேலிருந்து கீழே வாசிப்பது, கடைசியில் ஆமென் சொல்வது. எருசலேமுக்குப் புறப்பட்டபோதும் அது என் கைப்பையில் இருந்தது.

அதில் ஒரு வரிக்கு நேரே மட்டும் கட்டம் காலி. “அப்பாவுக்குப் பேச்சு திரும்ப வேண்டும்.” பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமலே கண்ணை மூடினார். அதற்குப் பிறகும் நான் ஜெபிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாக, சுருக்கமாக, வேலை விஷயத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுவேன்.

பயணத்தின் முதல் இரண்டு நாட்கள் கலிலேயாவில். பெயர்தான் கலிலேயாக் கடல். உண்மையில் அது நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன் வடகரையில் கப்பர்நகூம். கறுப்புக் கல்லால் கட்டிய வீடுகளின் அடிச்சுவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பேதுருவின் வீடு என்று காட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு தேவாலயம் தூண்களில் நிற்கிறது. அதன் நடுவில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அதன் வழியே குனிந்து பார்த்தால் கீழே அந்தப் பழைய சுவர்கள் தெரியும்.

அங்கே உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தோம். சாயங்காலத்தில் ஊர் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடிவிடுகிறது. நோயாளிகள் சுகமாகிறார்கள். மறுநாள் அதிகாலையில், இருட்டோடே, இயேசு எழுந்து தனிமையான ஓரிடத்துக்குப் போய் ஜெபம் பண்ணுகிறார். சீமோன் பேதுரு தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அவர் அங்கே போய் என்ன கேட்டார் என்று மாற்கு எழுதவேயில்லை. போனார், ஜெபம் பண்ணினார், அவ்வளவுதான். என் நோட்டில் அந்த மாதிரி ஒரு ஜெபத்தை எழுத இடமே கிடையாது. நடுப் பத்தி காலியாக அல்லவா இருக்கும்?

எருசலேமில் எங்களுடைய இரண்டாம் நாள் ஒலிவ மலைக்கு. மலைமேல் ‘பாத்தெர் நோஸ்தெர்’ என்றொரு தேவாலயம் இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘எங்கள் பிதாவே’ என்று அர்த்தம். சீஷர்களுக்கு இயேசு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த இடம் என்று நெடுங்காலமாகக் கருதப்படும் ஒரு குகை அங்கே உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் அதன்மேல் ஒரு பேராலயம் எழுந்தது, 614-இல் பாரசீகர் படையெடுப்பில் அது இடிந்தது. 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டத் தொடங்கி, பாதியிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தப் பகுதிக்குக் கூரை இல்லை. எனக்கு அந்தக் கூரையில்லாத இடம் ரொம்பப் பிடித்தது.

ஆனால் எல்லாரும் அங்கே போவது சுவர்களைப் பார்க்கத்தான். இயேசு கற்றுக்கொடுத்த அந்தக் கர்த்தருடைய ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பீங்கான் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் தன் மொழியைத்தான் தேடுகிறார். நாங்களும் தேடினோம். தமிழ் எழுத்து கண்ணில் பட்டதும் குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஓட்டைக் கையால் தடவிப் பார்த்தார். பக்கத்துச் சுவரில் வேறொரு குழு தங்கள் மொழியில் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் எந்த இடத்தில் ‘அன்றன்றுள்ள அப்பம்’ வருகிறது என்று தெரிந்தது.

அங்கே எங்கள் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். லத்தீனிலும் கிரேக்கத்திலும் இந்த ஜெபத்தின் முதல் சொல்லே ‘பிதா’ என்பதுதான். இயேசு பேசிய அரமேயு மொழியில் அது ‘அப்பா’வாக இருந்திருக்கும் என்பது பல அறிஞர்களின் கருத்து. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோதும் அந்த ஒரு சொல்லை மூன்று இடங்களில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. பல மொழிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாம். தற்செயலான ஒலி ஒற்றுமைதான், தெரியும். இருந்தாலும் ‘அப்பா பிதாவே’ என்று வாசிக்கும்போது தமிழர் ஒருவருக்கு உள்ளே நடப்பது வேறு பலருக்கு நடக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். அரமேயு மொழியிலும் அது குழந்தைகளுக்கு மட்டுமான சொல் இல்லையாம், வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். நம்மைப் போலவே. ஐம்பது வயதிலும் அப்பா அப்பாதானே.

அந்தச் சுவரின் நிழலில் நின்று மத்தேயு 6-ஐ எடுத்துப் பார்த்தேன். இந்த ஜெபத்துக்குச் சற்று முன்னால் ஒரு வசனம் வருகிறது: நீங்கள் வேண்டிக்கொள்கிறதற்கு முன்பே உங்களுக்கு எது தேவை என்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார். அறிந்திருக்கிறார் என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? அப்பா போனபிறகு இந்தக் கேள்வியை நான் கோபத்தோடு கேட்டதுண்டு. அன்றைக்கு அதற்குப் பதில்போல ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் எதையாவது கேட்கப் போனால் கதவருகே நின்று கால் விரலால் தரையில் கோடு போடுவேன். நான் நிற்கிற விதத்திலேயே விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சொல்லு” என்பார். முழுவதும் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேச மாட்டார். தகவலுக்காகவா அவர் காத்திருந்தார்? நான் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், என் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

அந்த வளாகத்திலேயே கார்மேல் சபைக் கன்னியரின் மடமும் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அந்தச் சபையைச் சீர்திருத்தியவர் அவிலா நகரின் தெரசா. நம்மை நேசிக்கிறார் என்று நமக்குத் தெரிந்த நண்பரோடு அடிக்கடி தனியாகப் பேசிக்கொண்டிருப்பதுதான் ஜெபம் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். நான் வளர்ந்த சபை வேறு, கத்தோலிக்கப் புனிதர்களை அவ்வளவாக வாசித்ததில்லை. ஆனால் அந்த ‘அடிக்கடி’யும் ‘தனியாக’வும் என்னோடு மலையிறங்கி வந்தன.

இறக்கம் செங்குத்தானது. எதிரே கீதரோன் பள்ளத்தாக்கைத் தாண்டி எருசலேமின் மதில். முழங்கால் வலிக்கிறவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்தில் கெத்செமனே, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் ஜெபித்த தோட்டம்.

அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். வேலி போட்ட ஒரு சிறிய தோட்டம். உள்ளே எட்டு ஒலிவ மரங்கள், அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணிபோலத் திரண்டிருக்கிறது. இவற்றில் மூன்றை ஆராய்ந்து அவை 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்று 2012-இல் அறிவித்தார்கள். எட்டு மரங்களும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என்றும் தெரிந்ததாம். இயேசு பார்த்த மரங்கள் இவை இல்லை என்று சிலர் முகம் வாடினார்கள். எனக்கு வருத்தமாக இல்லை. ஒலிவ மரத்தை வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் என்பார்கள்.

தோட்டத்தை ஒட்டிய பேராலயம் 1924-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே நுழைந்தால் இருட்டு. ஜன்னல்களில் ஊதா நிறம், மேலே அடர்நீலக் கூரையில் நட்சத்திரங்கள். அந்த இரவை நினைவூட்டவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே விளக்கம் சொல்லக் கூடாது என்று ஒரு அறிவிப்புப் பலகை. வழிகாட்டி சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியிலேயே சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பலகைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு பாறை. முள்முடிபோல வளைந்த இரும்பு வேலி அதைச் சுற்றி. இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்தது இங்கேதான் என்பது பாரம்பரியம்.

முழங்கால் போட்டேன். நோட்டை எடுக்கவில்லை. இருட்டில் எடுத்தாலும் வாசிக்க முடியாது. மனதுக்குத் தெரிந்த வசனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் ‘வழக்கத்தின்படியே’ ஒலிவ மலைக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். அடிக்கடி அங்கே கூடுவதால் யூதாசுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. ஆபத்து வந்த இரவில் ஓடிப்போய்த் தேடிய இடமில்லை இது. ஒன்றும் நடக்காத எத்தனையோ இரவுகளில் பிதாவோடு பேசி உட்கார்ந்து பழகிய இடம். காட்டிக்கொடுக்கிறவன்கூட, இந்நேரம் இங்கேதான் இருப்பார் என்று நேராக வந்துவிடுகிற அளவுக்குப் பழகிய இடம். நானோ ஆபத்து வந்தபிறகுதான் பேச்சைத் தொடங்கியிருந்தேன்.

அப்பா, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும். அவர் கேட்டது அதுதான். மூன்று தரம், அதே வார்த்தைகள். நானும் பதினான்கு மாதம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன். பாத்திரம் எடுக்கப்படவில்லை. மறுநாள் சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறும்போதும் ‘என் தேவனே’ என்றுதான் கூப்பிடுகிறார். கேட்டது கிடைக்காதபோதும் அவர் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. குரலை மாற்றிக்கொண்டது நான்தான்.

அப்புறம் ரொம்ப நேரத்துக்கு எனக்கு வார்த்தை எதுவும் வரவில்லை. முன்பென்றால் அதை ஜெபமாகவே எண்ணியிருக்க மாட்டேன். ஆனால் அப்பாவின் கடைசி மாதங்களில் நாங்கள் இருவரும் அப்படித்தான் இருந்தோம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவேன். அவருடைய இடது கை என் கையைத் தேடி வரும். அவரால் பேச முடியாது, எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஆனால் யாராவது அந்த நேரத்தில் அறைக்குள் வந்தால் பேச்சுக்கு நடுவில் புகுந்துவிட்டதுபோல, “அப்புறம் வர்றேன்” என்று திரும்பிப் போவார்கள். அவருடைய பேச்சு திரும்ப வேண்டும் என்று நான் மன்றாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், வாழ்நாளில் என்றும் இல்லாத அளவுக்கு அவரோடு நெருக்கமாக இருந்திருக்கிறேன். அந்தப் பாறையின் முன்னால்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

“அப்பா” என்றேன். இரண்டு வருடம் கழித்து அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. யாரைக் கூப்பிட்டேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் அவர் ஜெபித்தார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறதே, அந்த இடத்தில் என் அழுகை ஒன்றும் புதிதில்லை.

இப்போது காலையில் முதலில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்காருகிறேன். ‘அறைவீட்டுக்குள் பிரவேசித்து’ என்று நம் பழைய வேதாகமம் சொல்லும். சில நாள் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. சில நாள் கோபமாகவும் பேசியிருக்கிறேன். நோட்டை விட்டுவிடவில்லை. பிள்ளை கேட்கத்தான் செய்யும். பெயர்களும் தேவைகளும் இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, டிக்குகளும் விழுகின்றன. அப்பாவுடைய அந்த வரிக்கு நேரே உள்ள கட்டம் காலியாகவே இருக்கிறது. அதைப் பற்றி அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.