ஜெயித்த மறுநாள் வேலை போன கோச்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 51-10 என்று துவைத்து எடுத்தது. மறுநாளே தலைமை கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியது சரிதான். 2022-ல் நாட்டிலேயே முதலிடம் என்று மதிப்பிடப்பட்ட புதுமுக வீரர்களைச் சேர்த்திருந்தார். அந்த சீசனில் 5 வெற்றி, 7 தோல்வி! அதிலும் லட்சம் பேர் உட்காரும் சொந்த மைதானமான கைல் ஃபீல்டில், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் 17-14 என்று தோற்றதை எந்த ரசிகரால் ஜீரணிக்க முடியும்?

வயிறு எரிவது ஒப்பந்தத்தை நினைத்துத்தான். 2020-ல் 9 வெற்றி, 1 தோல்வி என்று முடித்தார். அந்த மிதப்பில் அடுத்த வருடமே ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். நடுவில் நீக்கினாலும் முழுச் சம்பளத்துக்கும் உத்தரவாதம். வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் ஒரு டாலர் கழிக்க முடியாது. யார் கையெழுத்துப் போட்டாரோ, மகராசன்!

கடைசியில் நீக்குவதற்கான விலை சுமார் 7.6 கோடி டாலர், நம்ம கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல். 2020-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் கோச் கஸ் மால்சானை அனுப்பக் கொடுத்த 2.15 கோடி டாலருக்கே அன்று வாயைப் பிளந்தார்கள்.

ஃபிஷருக்குக் கொடுக்கும் பணம் நன்கொடையும் விளையாட்டு வருமானமும்தான், வரிப்பணம் இல்லை என்றார்கள். இருக்கட்டும். அப்புறம் யாரைக் கொண்டு வந்தார்கள் தெரியுமா? ஃபிஷரிடமே டிஃபென்ஸைக் கவனித்துவிட்டு டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போன மைக் எல்கோவை.